பெட்டிக்குள் ஒரு பந்தய வண்டி



பிறந்த நாளன்று ஒரு சிறுவனுக்குப் பெரியதோர் அட்டைப் பெட்டி பரிசாக வருகிறது. பெட்டியின் மேல், புழுதி பறக்க மேட்டைத் தாண்டிப் பாயும் டிரக் வண்டி ஒன்றின் வண்ணப் படம். ஆவல் பொங்க அவன் மூடியைத் திறக்கிறான். உள்ளே வண்டி இல்லை! சிறு சிறு பைகளில் திருகாணிகள், கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள், சுருள்வில்கள், சக்கரங்கள், கண்ணாடி போன்ற நிறமற்ற ஒரு மேல்கூடு, தடித்த கையேடு ஒன்று. இவ்வளவே. அவன் முகம் வாடிவிடுகிறது. "வண்டி எங்கே அப்பா?" என்று கேட்கிறான்.

"வண்டியை நீதான் செய்யப் போகிறாய், மகனே" என்பதே அத்தந்தை தரவேண்டிய மறுமொழி. இம்மறுமொழியின் பொருள் என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வானலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் பந்தய வண்டியை, "கிட்" என்று வழங்கும் உதிரிப் பாகத் தொகுதியிலிருந்து தம் கையாலேயே பூட்டி ஓட்டும் பழக்கம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டாக வேரூன்றிய ஒன்று. வெறும் விளையாட்டு என்று பலர் இதனை ஒதுக்கிவிடுவர். ஆனால் பொறியியலின் அரிச்சுவடியை மேசை மீது வைத்துக் கற்பிக்கும் பள்ளி இதுபோல் வேறொன்று கிடைப்பது அரிது.

மரக்கடையில் பிறந்த கலை

ஜப்பானில் ஷிசுவோகா என்றொரு நகரம் உண்டு. மரவேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-இல், யோஷியோ டாமியா என்பவர் அங்கே மரம் அறுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். சிறிது காலத்தில் மரத்தாலான மாதிரிக் கப்பல்களையும் வாகனங்களையும் செய்து விற்கலானார். 1951-இல் மூண்ட தீ அவருடைய மரக்கிடங்கை அழித்துவிட்டது. பெருந்தொழில் சாம்பலான பின், பக்கத்தொழிலாக இருந்த மாதிரிப் பொருள்களே அக்குடும்பத்தின் வாழ்வாதாரமாயின.

அதன்பின் பிளாஸ்டிக் யுகம் வந்தது. 1960-இல் "யமாதோ" என்னும் போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வார்த்து வெளியிட்டனர். போட்டியாளரின் கப்பல் விலை குறைவாக இருந்ததால் இவர்களுடையது விலைபோகவில்லை, கடன்தான் மிஞ்சியது. அடுத்து வந்த "பாந்தர்" என்னும் பீரங்கி வண்டி மாதிரியே அவர்களைக் கரையேற்றியது. மோட்டார் பொருத்தப்பட்ட அவ்வண்டி தடையின்றி ஓடியதும், பூட்டுவதற்கு எளிதாக இருந்ததும் அதன் வெற்றிக்குக் காரணங்கள்.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு டாமியா, துல்லியத்தைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டவர். ஜெர்மானியப் பந்தயக் கார் ஒன்றை மாதிரியாகச் செய்ய விரும்பிய அவர், படங்களை மட்டும் நம்பவில்லை. உண்மையான போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தார். அவ்வாறு உருவான மாதிரிக்கு ஆன செலவு மிகுதி. அச்செலவை ஈடுகட்டுவதற்காக அதே மேல்கூட்டின் கீழ் மோட்டாரும் வானொலிக் கருவியும் பொருத்தி, 1976-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டனர். டாமியா நிறுவனத்தின் தொலை இயக்கக் கார்களின் வரலாறு இவ்வாறு தொடங்கியது. அந்த ஷுன்சாகு 2025-இல் தமது 90-ஆம் வயதில் காலமானார். கழற்றிப் பார்த்தாலன்றி ஒரு பொருளை அறிய முடியாது என்ற கொள்கையை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர் அவர்.

பாலைவனத்திலிருந்து அரங்கத்திற்கு

கார் சரி, கரடுமுரடான நிலத்தில் பாயும் டிரக் எங்கிருந்து வந்தது? மெக்சிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியாத் தீபகற்பத்தில், பாதையற்ற பாலைவனத்தின் ஊடே 1967 முதல் நெடுந்தொலைவு மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. இவற்றைக் காண விரும்புவோர் பாலைவனத்துக்கே செல்லவேண்டிய நிலை. மிக்கி தாம்ப்சன் என்னும் அமெரிக்கப் பந்தய வீரர் இதற்கு ஒரு வழி கண்டார். 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் விளையாட்டரங்கிற்குள் மண்ணைக் கொட்டி, மேடுகளும் பள்ளங்களும் வளைவுகளும் அமைத்து, பாலைவனத்தையே மக்களிடம் கொண்டுவந்துவிட்டார். பின்னால் திறந்த சரக்குப் பெட்டியுடைய சிறு டிரக்குகள் அம்மேடுகளிலிருந்து பறந்து விழுந்த காட்சி பார்த்தோரைக் கவர்ந்தது. "ஸ்டேடியம் டிரக்" என்ற பெயருக்கு மூலம் இதுவே.

அதே 1979-இல் டாமியா நிறுவனம் "ரஃப் ரைடர்", "சாண்ட் ஸ்கார்ச்சர்" என்னும் இரு மண்தரை வண்டிகளை வெளியிட்டது. 1984-இல் கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனத்திலிருந்து "ஆர்சி 10" என்னும் வண்டி வந்தது. பொன்னிற அலுமினிய அடிச்சட்டம் கொண்ட அது, பந்தயத்தையே குறிக்கோளாக வைத்து வடிவமைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய வண்டிகளை அகலப்படுத்தி, பெரிய டயர்கள் பூட்டி, டிரக்கின் மேல்கூட்டை அணிவித்தனர். உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுடைய பந்தய டிரக் பிறந்தது.

ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் அகலம். பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் உந்துவிசை. எடை இரண்டு கிலோவுக்குள். அகன்று தாழ்ந்த உருவம் ஆதலால் எளிதில் கவிழாது. எனவே புதிதாகப் பழகுவோருக்கும் ஏற்றது.

மாலைக்கு ஒரு பை

தொகுதியை வாங்குமுன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பந்தயத் தரமுள்ள பெரும்பாலான தொகுதிகளில் வண்டியின் உறுப்புகள் மட்டுமே இருக்கும். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, கையில் பிடிக்கும் ஒலிபரப்பி, வண்டியில் அமரும் ஏற்பி, பேட்டரி, அதற்கு மின்னேற்றும் கருவி ஆகிய யாவும் தனித்தனியே வாங்கவேண்டியவை. பெட்டியின் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிட்டுப் பின்னர் வருந்தும் பெற்றோர் பலர்.

பாகங்கள் எழுத்தோ எண்ணோ இட்ட பைகளில் வரும். அனைத்துப் பைகளையும் ஒருங்கே திறந்து மேசை மீது கொட்டிவிடுவதுதான் முதல் தவறு. ஒன்றுபோல் தோன்றும் திருகாணிகளுக்குள் நீளம் இரண்டு மில்லிமீட்டர் வேறுபடும். கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். கையேட்டில் திருகாணியின் படம் உண்மை அளவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். திருகாணியைப் படத்தின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் எடுக்க வேண்டும். பழகாதவருக்கு வேலை முழுவதும் முடியப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே, மாலைக்கு ஒரு பை என்று வைத்துக்கொள்வது நன்று. ஒரு வாரம் பத்து நாள்களில், தந்தையும் மகனும், அல்லது தாயும் மகளும், ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து முடித்துவிடலாம்.

திருப்புளி சரியான அளவாக இருத்தல் வேண்டும். பழைய ஜப்பானிய வண்டிகளில் திருகாணித் தலை கூட்டல் குறி வடிவில் இருக்கும். இன்றைய பந்தய வண்டிகள் பலவற்றில் அறுகோணக் குழி. அளவு பொருந்தாத கருவி திருகாணியின் தலையைச் சிதைத்துவிடும். பிறகு அதனைக் கழற்றுவது பெரும்பாடு. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணியைத் தலை பதியும் வரை மட்டுமே முறுக்க வேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்று வலிமையைக் காட்டினால், உள்ளிருக்கும் புரி அழிந்துவிடும். கழற்றிய திருகாணியை மீண்டும் பூட்டும்போது முதலில் அதனைப் பின்னோக்கி மெல்லச் சுழற்ற வேண்டும். "டக்" என்று ஓர் அசைவு கைக்குத் தெரியும். பழைய புரியில் அது வந்து அமர்ந்ததற்கு அடையாளம் அது. அதன் பின்னரே முன்னோக்கி முறுக்க வேண்டும். உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்தில் மட்டும், அதிர்வால் தளராதிருக்க, திருகாணிப் பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் அப்பசை படலாகாது.

இரு சக்கரங்களின் வழக்கு

வேலையின் மிக நுண்ணிய கட்டம் டிபரென்ஷியல் என்னும் உறுப்பு. அதன் தேவையை முதலில் காண்போம். வண்டி வளைவில் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் நீண்ட தொலைவும், உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்து வழுக்கும். வண்டி நேரே போகவே முரண்டும். இரு சக்கரங்களும் அவற்றிற்கேற்ற வேகத்தில் சுழல இடம் கொடுத்து, ஆற்றலையும் இரண்டுக்கும் பங்கிட்டு அளிப்பதே டிபரென்ஷியலின் பணி. பிரான்சு நாட்டின் பெக்கூர் என்பவர் 1827-இலேயே நீராவி வண்டிக்காக இதனை வடிவமைத்தார். இன்று சாலையில் செல்லும் பெரும்பாலான பேருந்துகளின் பின்னச்சிலும் இதனைக் காணலாம்.

பந்தய டிரக்குகள் பலவற்றில் இவ்வுறுப்பு எஃகுக் குண்டுகளால் ஆனது. பெரிய பற்சக்கரம் ஒன்றின் துளைகளில், கடுகைவிடச் சற்றே பெரிய குண்டுகள் ஒரு டஜனோ அதற்குச் சற்று மேலோ அமர்ந்திருக்கும். இருபுறமும் இரு எஃகு வளையங்கள் அவற்றை நெருக்கும். ஒரு குண்டு உருண்டு மேசைக்கடியில் ஓடிவிட்டால் வீடே கைவிளக்கோடு தேடவேண்டி வரும். ஆதலின் தட்டு ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்வது அறிவுடைமை.

பூட்டி முடித்தபின் ஒரு சோதனை. பற்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுங்கள். மற்றது பின்னோக்கிச் சுழலும்! இதனைக் கண்ட குழந்தையின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். பாடநூலின் ஒரு பக்கம் முழுவதும் விளக்க முயன்றதை அவன் விரல்கள் ஒரு நொடியில் அறிந்துகொள்கின்றன.

இதனை அடுத்து வருவது வழுக்கும் கிளட்ச். உயரப் பறந்த வண்டி, சக்கரங்கள் முழு வேகத்தில் சுழல, தரையில் வந்து மோதும்போது பற்சக்கரங்களின் மேல் பெரும் அதிர்ச்சி பாயும். அக்கணத்தில் இந்தக் கிளட்ச் சற்றே வழுக்கி அவ்வதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. டிபரென்ஷியல் வழுக்குமுன் கிளட்ச் வழுக்கவேண்டும் என்பது விதி. மிகையாக இறுக்கினால் பற்கள் உடையும். மிகையாகத் தளர்த்தினால் வண்டி நகராது. விட்டுக்கொடுக்கும் ஓர் உறுப்பு இருப்பதனால்தான் மற்ற உறுப்புகள் பிழைக்கின்றன.

எண்ணெயும் பொறுமையும்

மேட்டிலிருந்து விழும் வண்டியைத் தாங்குவன நான்கு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றும் சிறு குழாய்; உள்ளே துளையிட்ட பிஸ்டன், சுற்றிலும் சுருள்வில், நிரப்புவதற்குச் சிலிக்கன் எண்ணெய். சுருள்வில் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் பிஸ்டனின் துளைகள் வழியே நெருக்கி நுழையும்போது ஏற்படும் தடையே அத்துள்ளலை அடக்குகிறது. எண்ணெயிலும் பல தரம் உண்டு. ஒன்று நல்லெண்ணெய் போல் எளிதாய் ஓடும். மற்றொன்று விளக்கெண்ணெய் போல் கெட்டியாய் நகரும். குளிர்ந்தால் எண்ணெய் தடிக்குமாதலால், பந்தய ஓட்டுநர்கள் பருவத்துக்கு ஏற்ப அதனை மாற்றுவதும் உண்டு.

இங்கேதான் அவசரக்காரர் தோற்கின்றனர். எண்ணெயை ஊற்றியவுடன் மூடிவிட்டால் காற்றுக் குமிழிகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலெழுந்து மறையும். அதுவரை செய்யத்தக்கது வேறெதுவும் இல்லை, காத்திருத்தலே வேலை. பின்னர் இடப்பக்கத்ததையும் வலப்பக்கத்ததையும் ஒருசேர அழுத்தி விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வேகத்தில் எழவேண்டும். ஒன்று பிந்தினால் மீண்டும் திறந்து நிரப்ப வேண்டும். பூட்டி முடித்த வண்டியை ஓரடி உயரத்திலிருந்து கீழே விட்டால், ஒருமுறை அமுங்கி அமைதியாக நின்றுவிட வேண்டும். துள்ளினால் எண்ணெய் போதவில்லை என்றோ மெலிந்துவிட்டது என்றோ அறியலாம்.

மோட்டாரின் சிறு பற்சக்கரத்தைப் பெரிய பற்சக்கரத்தோடு சேர்ப்பதற்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, இறுக்கிய பின் அதனை உருவிவிட வேண்டும். மிஞ்சும் மயிரிழை இடைவெளியே சரியான அளவு. மிக நெருங்கினால் கீச்சென்று அலறி மோட்டார் சூடேறும். மிக விலகினால் பற்கள் சிதையும்.

சர்வோவைப் பூட்டுமுன் மின்சாரம் கொடுத்து அதனை நடுநிலையில் நிற்கச் செய்யவேண்டும். இதனை மறந்து பூட்டியவர்கள், வண்டி ஒருபக்கமே வட்டமிடுவதைக் கண்டு, பாதி வண்டியைக் கழற்றிப் பரிகாரம் தேடுவர். இயக்குவதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் கையிலுள்ள ஒலிபரப்பி, பின்னரே வண்டி. நிறுத்தும்போது முதலில் வண்டி, இறுதியில் ஒலிபரப்பி. கட்டளையிடுபவர் இல்லாத நேரத்தில் வண்டி விழித்திருக்கலாகாது.

உள்ளிருந்து பூசும் வண்ணம்

மேல்கூடு பாலிகார்பனேட் என்னும் உறுதியான, நிறமற்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இதற்கு வண்ணம் வெளிப்புறம் பூசுவதில்லை, உட்புறத்தில் பூசவேண்டும். வெளியே பூசினால் முதல் நாள் உருளலிலேயே சுரண்டிப் போய்விடும். முதலில் சோப்பு நீரால் கழுவி, விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கு அகல உலர்த்த வேண்டும். சன்னல்களின் இடத்தை உட்புறம் ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டும். பின்னர் வண்ணங்களைத் தலைகீழ் வரிசையில் பூசவேண்டும். கண்ணுக்கு முன்னே தெரியவேண்டிய கோடுகளும் கருநிறங்களும் முதலில், பின்னணியாய் அமையும் வெளிர்நிறம் இறுதியில். மெல்லிய பூச்சாகப் பலமுறை. ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்தது. காற்றோட்டமான இடத்தில், பெரியவர் துணையோடு செய்யவேண்டிய வேலை இது.

வேலை நடக்கும்போது வெளிப்புறத்தை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும். அதனால் வண்ணம் மங்கலாகவும் அழுக்காகவும் தோன்றி ஐயம் எழுப்பும். எல்லாம் உலர்ந்தபின் அப்படலத்தை உரிக்கும் கணம் வருகிறதே, அப்போது உள்ளிருந்து ஒளிவிடும் நிறத்தைக் கண்டு வீட்டார் அனைவரும் மகிழ்வர்.

ஓர் எச்சரிக்கை

இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரிகள் பயன்படுகின்றன. ஆற்றல் மிகுந்தவை, ஆபத்தும் உடையவை. ஒவ்வொரு கலத்துக்கும் மின்னேற்றத்தின் உச்சவரம்பு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கலம் கெட்டுவிடும். இதற்கென்றே அமைந்த மின்னேற்றியைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தலாகாது. ஆளில்லாத அறையில் மின்னேற்றுவதோ, இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்வதோ கூடவே கூடாது. உப்பிப்போன பேட்டரியை, "இன்னும் ஒருமுறை மட்டும்" என்று பயன்படுத்துவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். பெற்றோரே, இவ்விளையாட்டில் குழந்தையிடம் முழுமையாக விட்டுவிடத் தகாத பகுதி இது ஒன்றே. மற்றவற்றில் அவன் தவறு செய்யட்டும். இதில் நீங்கள் அருகில் இருங்கள்.

இடம் வலமாகும் இடம்

வண்டி தயாராகிவிட்டது. பந்தயத் திடலில் ஓட்டுநர்கள் உயர்ந்த மேடை ஒன்றில் வரிசையாக நிற்பர். முற்காலத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் ஒருவர் வண்டி மற்றவர் கட்டளைக்கு ஓடிவிடும். ஆகவே அலைவரிசைப் பலகையில் மாட்டிய கிளிப்பைக் கையில் பெற்றவரே ஒலிபரப்பியை இயக்கலாம் என்ற ஒழுங்கு இருந்தது. இந்நூற்றாண்டில் பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் முறையில் ஒவ்வொரு ஒலிபரப்பியும் தன் ஏற்பியோடு மட்டுமே பேசுவதால் அத்தொல்லை நீங்கிவிட்டது.

நீங்காத தொல்லை ஒன்றுண்டு. வண்டி நம்மை விட்டு விலகிச் செல்லும்போது இடப்பக்கம் திருப்பினால் அது நம் இடப்பக்கமே திரும்பும். நம்மை நோக்கி வரும்போதோ அதன் இடம் நமக்கு வலமாகிவிடும்! புதியவர் அனைவரும் இங்கே தடுமாறி வேலியில் மோதுவர். வண்டிக்குள் தாம் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பழகுவதே இதற்கு மருந்து. தாம் நிற்கும் இடத்திலிருந்து பாராமல், எதிரே வருபவரின் இருக்கையிலிருந்து பார்க்கக் கற்பது எளிதன்று, ஆயினும் கற்கக்கூடியதே.

வானில் பறக்கும் வண்டியையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். மேட்டிலிருந்து எழுந்தபின் மூக்கு தாழ்ந்தால், வேகத்தைக் கூட்ட வேண்டும். சக்கரங்கள் விரைந்து சுழல, அதற்கு எதிர்விசையாக வண்டியின் முன்புறம் மேலெழும். மூக்கு மிகவும் உயர்ந்தால் பிரேக் போட முன்புறம் தாழும்.

முதல் நாளில் ஏதேனும் ஒன்று உடைந்தே தீரும். பெரும்பாலும் அது முன் சக்கரத்தைத் தாங்கும் கைபோன்ற பகுதியாக இருக்கும். ஆயத்தமாக வாங்கிய வண்டியானால், பல வீடுகளில் அதன் கதை அத்துடன் முடிந்து, பரண்மேல் ஏறிவிடும். கையால் பூட்டியவனோ கலங்குவதில்லை. எந்த ஊசியை உருவினால் எந்தப் பகுதி கழலும் என்பது அவன் விரல்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் புதிய பாகத்தைப் பொருத்தி மீண்டும் திடலுக்கு வந்துவிடுகிறான்.

விழுந்ததைத் தூக்கிவிடு

இப்பந்தயங்களில் போற்றத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. தொலைவிலிருந்து இயக்கப்படும் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தால் தானே எழாது. ஓட்டுநரும் மேடையை விட்டு இறங்கக்கூடாது. எனவே வளைவுகள்தோறும் சிலர் நின்று, கவிழும் வண்டிகளை ஓடிச்சென்று நிமிர்த்திவிடுவர். "மார்ஷல்" என்று அழைக்கப்படும் இவர்கள் கூலியாள்கள் அல்லர். ஐந்து நிமிடப் பந்தயத்தை இப்போதுதான் ஓட்டி முடித்தவர்களே அடுத்த பந்தயத்துக்கு மார்ஷல்களாக நிற்கவேண்டும் என்பது பொதுவான முறை. வென்றவரும் நிற்கவேண்டும், தோற்றவரும் நிற்கவேண்டும். தம் தோல்வியை எண்ணி முணுமுணுத்துக்கொண்டு நிற்பவருக்குக் கவிழ்ந்த வண்டி கண்ணில் படாது. போட்டியாளரின் வண்டி என்றும் பார்க்காமல் விரைந்து நிமிர்த்துபவரே நல்ல மார்ஷல். சற்றுமுன் தம் வண்டியை யாரோ ஒருவர் நிமிர்த்திவிட்டதனால் அல்லவா அவரும் பந்தயத்தை முடித்தார்!

வாங்கியதும் கட்டியதும்

1986-இல் தொடங்கப்பட்ட டிராக்சஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும் ஆயத்த வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. இன்று கடைகளில் மிகுதியாக விற்பனையாவன அத்தகையனவே. நேரமில்லாத குடும்பங்களுக்கு அவை உதவுகின்றன; அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. அவற்றை வாங்கியபின் கழற்றிப் பூட்டிக் கற்றவர்களும் உளர். ஆயினும், கட்டுவதற்கென்றே வரும் தொகுதியின் இடத்தை அவை முழுவதும் நிரப்புவதில்லை. ஆயத்த வண்டி முதல் நாளில் மகிழ்ச்சி தருகிறது. கட்டிய வண்டி முதல் நாளில் உழைப்பைக் கேட்கிறது. உடையும் நாளில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பந்தயத் தொகுதி விலை மிகுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சிறுவர்களுக்கு எளிய தொகுதிகளும் உண்டு. 1984-இல் டாமியா வெளியிட்ட "கிராஸ்ஹாப்பர்" என்னும் சிறு வண்டி இந்நூற்றாண்டில் மீண்டும் வெளியிடப்பட்டது, பூட்டுவதற்கு எளிது. தொகுதி எதுவானாலும், பெரியவர்கள் ஒரு தவற்றைத் தவிர்க்க வேண்டும். குழந்தை தடுமாறும்போது, "நீ தள்ளு, நான் செய்கிறேன்" என்று கருவியைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவன் திருகாணியைக் கோணலாக முறுக்கட்டும், கழற்றட்டும், மீண்டும் முறுக்கட்டும். அந்த இரண்டாவது முறுக்கில்தான் அவன் கற்கிறான்.

பெட்டியைத் திறந்து முகம் வாடிய அச்சிறுவனிடம் மீண்டும் வருவோம். பத்து மாலைகள் கழிந்தன. பைகள் எல்லாம் காலியாகிவிட்டன. ஒரு திருகாணி மிஞ்சியதால் எங்கே விடுபட்டது என்று தேடி, பின்னச்சைக் கழற்றிப் பூட்டியதில் ஒரு மாலை கூடுதலாகச் சென்றது. இப்போது அவன் வண்டியை முற்றத்தில் வைக்கிறான். ஒலிபரப்பியை முதலில் இயக்குகிறான், பின்னர் வண்டியை. விசையை மெல்ல அழுத்த, சக்கரங்கள் மண்ணைச் சிதறியடித்துக்கொண்டு பாய்கின்றன. அண்டை வீட்டுச் சிறுவன் ஓடிவந்து, "எங்கே வாங்கினாய்?" என்று கேட்கிறான்.

"வாங்கவில்லை, கட்டினேன்" என்கிறான் இவன். அடுத்த வாரம் அது உடையும்போது அழமாட்டான். திருப்புளியைத் தேடி எடுப்பான்.